நான் அழித்த குப்பத்துப் படங்கள்

மயிலாப்பூரில் நான் வெப்சைட் வேலை செய்துகொண்டிருந்த காலம். ஊரூர் குப்பத்தில் மீன் விற்கும் ஸ்டெல்லா அக்கா, குப்பத்தின் பழைய புகைப்படங்களைச் சேர்த்து ஒரு வெப்சைட் வைத்திருந்தார். அதைப் பராமரித்தது நான்தான்.

ஒருநாள் அப்டேட் செய்ததும் சைட் வெறும் வெள்ளைத் திரையாகிவிட்டது. சைட்டில் கோளாறு செய்த பிளகின் என்ற துணை நிரலை நீக்கப்போன அவசரத்தில், படங்கள் இருந்த ஃபோல்டரையே அழித்துவிட்டேன். நான் பேக்கப் எடுத்திருக்கவில்லை. சைட்டுக்கு சர்வர் தந்த ஹோஸ்டிங் கம்பெனியிடமும் நகல் இல்லை.

சர்வர் கோளாறு என்று சொல்லிவிடும் எண்ணத்தில்தான் குப்பத்துக்குப் போனேன். அக்கா மீன்கூடையை ஒதுக்கி, எனக்கு உட்கார இடம் கொடுத்தார். பொய் வாயில் வரவில்லை.

"படமெல்லாம் போச்சுக்கா. என் தப்புதான்."

"எங்க நைனா படமுமா? ஒரிஜினலு மழைத்தண்ணில ஊறிப் பூட்ச்சே!"

வெகுநேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, எந்திரி. வூட்டுக்கு வூடு செவுத்துல படம் மாட்டிக்கினு கீறாங்க. போய்க் கேக்கலாம்" என்றார்.

நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் இருவரும் வீடு வீடாகப் போனோம். ஸ்கேன் செய்யப் படத்தைக் கழற்றித் தரும்போதே எல்லோரும் அதன் கதையையும் சொன்னார்கள். யாரோ ஒருவரின் கல்யாணப் படத்து ஓரத்தில் அக்காவின் நைனா, அவர் அப்பா, சிரித்துக்கொண்டு நின்றார்.

இப்போது பேக்கப் தானாகவே நடந்துவிடுகிறது. ஆனாலும் அந்த ஞாயிறுகளை நினைத்தால் மனம் ஏங்குகிறது. அன்று சர்வர் மேல் பழி போட்டிருந்தால், அந்த வீடுகளில் ஒன்றுக்குள்கூட நான் நுழைந்திருக்க மாட்டேன்.