குறுக்கே பேசாத சிறுமி

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுவில், ஒஸ்லோவின் கிழக்கே, பள்ளிப் பிள்ளைகளைச் சோதிக்கும் ஓர் அலுவலகத்தில் உதவியாளராக வேலை செய்தேன். திட்டமிடுதல், கவனத்தை மாற்றுதல், தன்னை அடக்கிக்கொள்ளுதல் என்று ஒரு பிள்ளையின் தலைக்குள் நடப்பதை எண்களாக்குவது எங்கள் தொழில். பிறகு நோர்வேப் பிள்ளைகளின் எண்களோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வோம்.

பக்கத்துப் பகுதியான புருசெத்திலிருந்து எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். பெற்றோர் சிலி நாட்டவர். வீட்டில் ஸ்பானிய மொழி என்பதால், விதிப்படி மொழிபெயர்ப்பாளர் ஒருவரை உட்காரவைத்தார்கள். அவளோ இங்கேயே பிறந்தவள். நோர்வேஜியத்தை என்னைவிட நன்றாகக் கதைப்பாள். எங்கள் மூத்த உளவியலாளர் கேள்வியைச் சொல்லி முடித்ததும் ஸ்டாப்வாட்சை அமுக்குவார். மொழிபெயர்ப்பாளர் அதையே ஸ்பானிய மொழியில் ஆறுதலாகச் சொல்வார். விடை தெரிந்தும் சிறுமி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். பெரியவர் பேசும்போது குறுக்கே வாய் திறக்கக் கூடாது என்பது அவள் வீட்டுப் பழக்கம். என் வீட்டிலும் அதுதான்.

அறிக்கையில் மந்தம் என்று வந்தது. தோழிகளை விட்டு, வேறு பள்ளியின் சிறப்பு வகுப்புக்கு மாற்றச் சொல்லிப் பரிந்துரை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மொழிபெயர்ப்பாளர் பேசிய நேரத்தையும் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று உளவியலாளரோடு சண்டை போட்டேன். வேண்டாவெறுப்பாக, மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் மறுசோதனைக்கு ஒப்புக்கொண்டார். தாயைக் கூப்பிட்டு, பிள்ளை காத்திருந்ததால்தான் இந்த நிலை என்றார், ஏதோ பிள்ளை களவெடுத்ததுபோல.

வீட்டில் கணவர் சிரித்தார்.

"உமக்கேன் இந்தத் தலையிடி? எங்கட தமிழ்ப் பிள்ளையளுக்கும் உப்பிடித்தானே செய்யிறாங்கள். ஆர் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை எண்டுதான் நான் கேக்கிறன்."

சிறுமியின் தாய் சும்மா இருக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் கேள்வி கேட்டு, மகள் தாமதித்தால் தட்டை இழுத்துக்கொள்வாளாம். மறுசோதனையன்று நானும் அறையில் இருந்தேன். கேள்வி முடியமுன்பே சிறுமி கத்தி விடை சொன்னாள். பாதி பிழை. வாய் நிற்கவில்லை.

உளவியலாளர் திருப்தியோடு எழுதினார். மந்தம் இல்லை, தன்னை அடக்கிக்கொள்ளும் திறன்தான் இல்லை. பரிந்துரை, அதே சிறப்பு வகுப்பு. அந்தப் பேனையைப் பிடுங்கி முறிக்கலாம்போல இருந்தது.

வெளியே தாயின் கையைப் பிடித்து நின்ற சிறுமி என்னைக் கண்டதும் ஓடிவந்தாள்.

"நான் இந்தமுறை ஒருத்தருக்காகவும் காத்திருக்கவில்லை. பார்த்தீர்களா?" என்று நோர்வேஜியத்தில் கேட்டாள்.

பார்த்தேன் என்றேன். அவள் தாயைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.