ஹேண்டில்பாரில் ஒரு வோல்ட் மீட்டர்

என் கணவர் தன் மோட்டார் சைக்கிளில் வோல்ட் மீட்டர் பொருத்தியதற்கு முழுக் காரணம், என் அண்ணன் சொன்ன ஒரே ஒரு வாக்கியம்தான்.

அது 1991. எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் படப்பைக்காரி. அவருக்கு மண்ணூர். ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு குழாய்க் கம்பெனியில், எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை பார்த்தார். அந்தச் சாலையில் அப்போது கம்பெனிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் கம்பெனிக்குப் போகிறவர் என்றால் ஊரில் ஒரு மரியாதை இருந்தது. அந்த மரியாதையைக் காப்பாற்றுவதற்காக வாங்கியதுதான் வண்டி. காஞ்சிபுரத்தில் யாரோ ஒரு பட்டு வியாபாரி ஓட்டிச் சலித்துப்போய் விற்ற பழைய மோட்டார் சைக்கிள். ஆறு வோல்ட் பேட்டரி. அதில் கரண்ட் இறங்கிவிட்டால் எத்தனை முறை உதைத்தாலும் கிளம்பாது.

என் அக்காவின் வளைகாப்புக்குப் போன அன்று ஒரகடம் தாண்டியதும் அது நின்றுவிட்டது. இருபுறமும் வயல், ஒரு ஏரி, தூரத்தில் ஒரு டீக்கடை. அவ்வளவுதான் அப்போதைய ஒரகடம். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் உதைத்தார். நான் சீர்த்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அவர் தள்ள, நான் பின்னால் நடக்க, பந்தலுக்குள் நாங்கள் நுழைந்தபோது அக்காவுக்கு வளையல் போட்டு முடித்திருந்தார்கள். வாசலில் நின்ற என் அண்ணன் மாப்பிள்ளையை வரவேற்றான்.

"இன்னா மாப்ள, வண்டி உங்கள இட்டுக்கினு வரும்னு பாத்தா, நீங்க அத்த இட்டுக்கினு வர்றீங்க?"

பந்தலே சிரித்தது. என் கணவரும் சிரித்தார். அது சிரிப்பு இல்லை என்று புரிந்துகொள்ளும் அளவுக்கு நான் அவரோடு குடித்தனம் நடத்தியிருந்தேன்.

அதே சமயத்தில் கம்பெனியில் ஒரு வகுப்பு நடந்தது. மெட்ராஸிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்து, எந்த இயந்திரமும் திடீரென்று கெட்டுப்போவதில்லை, யாரும் கவனிக்காததால்தான் கெட்டுப்போகிறது, ஆகவே எல்லாவற்றையும் மானிட்டர் பண்ண வேண்டும் என்று விளக்கியிருக்கிறார். வகுப்பில் இருந்தவர்கள் எல்லோரும் பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டு மறந்துவிட்டார்கள். என் கணவர் மட்டும் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

முதலில் என் அடுப்பைத்தான் மானிட்டர் பண்ணினார். பால் வைத்திருந்தேன். "நீ போய் வேற வேலயப் பாரு, நான் மானிட்டர் பண்றேன்" என்றார். பால் காய்வதைப் பார்த்தார். பொங்குவதைப் பார்த்தார். பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததையும் கண்கொட்டாமல் பார்த்தார். நான் ஓடி வந்து கேட்டபோது, "கரெக்டா எப்ப பொங்குச்சின்னு பாத்துக்கினே இருந்தேன்" என்றார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் மீட்டர் வந்தது. பழைய கண்ட்ரோல் பேனல் ஒன்றிலிருந்து கழற்றிப் போட்டதை, சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிவந்திருந்தார். உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக, கண்ணாடி போட்டு, பூஜ்யத்திலிருந்து பத்து வரைக்கும் எண்கள். குழாய் கிளாம்ப் ஒன்றை அறுத்து ஹேண்டில்பாரின் நடுவில் முடுக்கி, இரண்டு ஒயர்களைப் பேட்டரிக்கு இழுத்தார். முள் எழுந்து ஆறைத் தாண்டி நின்றது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் தாலி கட்டிய அன்றுகூடப் பார்க்கவில்லை.

என் மாமியார் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாடா இது, கடியாரமா?"

"பேட்டரில கரண்டு எவ்ளோ கீதுன்னு காட்டும்மா."

"கம்மியா இருந்தா இன்னா பண்ணும்?"

"கம்மியா கீதுன்னு காட்டும்."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா, நாம தெரிஞ்சிக்கலாம்."

மாமியார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போக ஆரம்பித்தது அந்த நிமிடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

தெரிந்துகொண்டதிலிருந்துதான் கஷ்டம். முள் ஆறுக்கு மேல் இருந்தால் ஹார்ன் அடிக்கலாம். ஆறுக்குக் கீழே வந்தால் ஹார்ன் கிடையாது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் விளக்கும் கிடையாது. பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு எரிந்து கரண்ட் வீணாகிறது என்பதால், அதையும் கூடியவரை மிதிக்காமல் ஓட்டப் பழகினார். பேட்டரி மட்டும் நன்றாக இருந்தது. எதற்கும் பயன்படுத்தாத பொருள் நன்றாகத்தானே இருக்கும்.

மேடு பள்ளத்தில் முள் ஆடும். குனிந்து முள்ளைப் பார்த்தால் சாலை தெரியாது, சாலையைப் பார்த்தால் முள் தெரியாது. அதனால் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு பொறுப்பு கொடுக்கப்பட்டது. அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து நான் வோல்டேஜ் சொல்ல வேண்டும். புதிதாகக் கல்யாணமானவர்கள் வண்டியில் போகும்போது என்னென்னவோ பேசிக்கொள்வார்கள். நாங்கள் பேசிக்கொண்டது இப்படி இருக்கும்:

"எவ்ளோ?"

"ஆறே கால்."

"இப்ப?"

"ஆறே கால்தாங்க."

"ஏறலயா?"

எதிரில் வருகிறவர்கள், நான் அவர் காதில் ஏதோ ரகசியம் சொல்லிக்கொண்டு போவதாக நினைத்தார்கள். மண்ணூரில் எங்களைப் போல அன்யோன்யமான ஜோடி கிடையாது என்று ஒரு பேச்சுகூட இருந்ததாம்.

மீட்டரின் புகழ் பரவியது. டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். டார்ச் லைட்டோடு இன்னொருவர் வந்தார். இவர் ஒயரை வைத்துப் பார்த்து, தலையை ஆட்டி, "வீக்" என்பார். அதுவரை நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை அவர்கள் கவலையோடு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். யாருடைய பேட்டரியையும் அவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. டாக்டரிடம் போய் ஒன்றுமில்லை என்று கேட்டுவிட்டு வந்தால் யாருக்குத்தான் திருப்தி.

ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் அன்று மைக் செட்காரரின் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சட்டையை மாற்றிக்கொண்டு, வண்டியிலிருந்து மீட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். அது பன்னிரண்டு வோல்ட். மீட்டர் பத்து வரைக்கும்தான். கூட்டத்தின் நடுவே நின்ற பெருமையில் இதை அவர் யோசிக்கவில்லை. ஒயரை வைத்ததும் முள் ஒரே பாய்ச்சலில் கடைசிக்குப் போய் முட்டி வளைந்துவிட்டது.

"நல்லா கீதா?" என்று மைக் செட்காரர் கேட்டார்.

"ரொம்ப நல்லா கீது" என்று இவர் மீட்டரைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு மீட்டர் எப்போதும் அரை வோல்ட் கூடுதலாகக் காட்டியது. வேறு யாராவது என்றால் அதைக் கழற்றிப் போட்டிருப்பார்கள். இவர் எனக்குப் புது உத்தரவு போட்டார். "எவ்ளோ காட்டுதோ அதுல அரை கழிச்சிச் சொல்லு." ஆட்டத்தில் ஒரு எண்ணைப் படித்து, அதில் அரையைக் கழித்து, காற்றில் அவர் காதுக்குக் கேட்கிற மாதிரி கத்த வேண்டும். பத்தாவதில் கணக்கில் தப்பித்தவறிப் பாஸானவள் நான்.

தை மாதம். ஸ்ரீபெரும்புதூரில் துணி எடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அறுவடை நேரத்தில் எங்கள் பக்கத்துக் கிளைச் சாலைகளில், வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று நெற்கதிரைத் தாளோடு பரப்பிவிடுவார்கள். லாரிகள் அதன் மேல் ஏறிப் போகும். சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். கொஞ்ச தூரத்தில் அப்படி ஒரு மஞ்சள் பரப்பும், நடுவில் குனிந்து கதிரைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாளும் இருப்பது எனக்குத் தெரிந்தது.

"எவ்ளோ?" என்றார் இவர்.

"ஆறு" என்றேன்.

"கழிச்சியா?"

"இல்லீங்க, எதிர்ல..."

"கழிச்சிச் சொல்லு."

"அஞ்சரை. எதிர்ல ஒரு அம்மா..."

"அஞ்சரையா? காலைல ஆறு இருந்துச்சே?" என்று குனிந்து முள்ளைப் பார்த்தார். அஞ்சரை என்றால் ஹார்ன் கிடையாது.

அடுத்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. முன்சக்கரம் வைக்கோலில் வழுக்கியது. அந்த அம்மாள் ஒரு பக்கம் பாய்ந்தார். வண்டி இன்னொரு பக்கம் படுத்தது. நான் கதிர்க் குவியலில் உட்கார்ந்திருந்தேன். மடியில் துணிப் பை அப்படியே இருந்தது. அவர் வலது கையை ஊன்றி விழுந்திருந்தார். அந்த அம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முறத்தைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றார்.

"யோவ், ஆரன் அடிக்க மாட்ட?"

"பேட்டரி கம்மியா கீதும்மா" என்று இவர் படுத்தபடியே விளக்கினார்.

அந்த அம்மாள் வண்டியைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு என்னிடம், "எத்தினி நாளா இப்படி கீறாரு?" என்று கேட்டார். அவர் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் கொடுத்தார். கீழே கிடந்த வண்டியில் முள் ஆறைக் காட்டியது. என் கணவர் அதை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடித்தார்.

மணிக்கட்டில் எலும்பு விரிசல். அரசு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். கம்பெனியில் லீவு. வீட்டில் உட்கார்ந்து எங்களை மானிட்டர் பண்ண ஆரம்பித்தார். நானும் மாமியாரும் பேசும்போது குரல் கொஞ்சம் ஏறினால் உள்ளே எட்டிப் பார்ப்பார். அதைவிட அவருக்கு வேறொரு கவலை பெரிதாக இருந்தது. ஓடாமல் நின்றால் பேட்டரி இறங்கிவிடும். தினமும் காலையில் என்னைக் கூப்பிட்டு, வண்டியை ஸ்டாண்டில் வைத்து உதைக்கச் சொல்லுவார். நான் புடவையைச் செருகிக்கொண்டு உதைப்பேன். கிளம்பியதும் ஆக்ஸிலேட்டரை முறுக்கச் சொல்லிவிட்டு முள்ளைப் பார்ப்பார்.

"நின்ன எடத்துல முறுக்குனா சரியா சார்ஜ் ஏறாது. வண்டி ஓடணும்" என்றார் ஒரு நாள்.

"யாரு ஓட்டறது? உங்க தம்பியக் கூப்பிடட்டுமா?"

"அவன் ஆரனா அடிச்சிக்கினு போவான். பேட்டரி அவ்ளோதான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ ஓட்டேன்" என்றார்.

மண்ணூரில் அப்போது ஒரு பெண் சைக்கிள் ஓட்டினாலே நின்று பார்ப்பார்கள். பெண்கள் முன்னேற வேண்டும் என்று என் கணவர் ஒரு நாளும் பேசியதில்லை. பேட்டரிக்காக அவர் எதையும் செய்யத் தயாராக இருந்தார், அவ்வளவுதான். மாமியார் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "புடவை சக்கரத்துல மாட்டிக்கப் போவுது, பாத்து" என்றதோடு சரி.

ஏரி வற்றியிருந்தது. அதன் கட்டாந்தரையில்தான் கற்றுக்கொண்டேன். கிளட்சை எப்படி விடுவது, கியரை எப்படி மாற்றுவது என்பதெல்லாம் அவர் சொல்லித்தர வேண்டும். ஆனால் பின்னால் உட்கார்ந்ததும் அவருக்கு அதெல்லாம் மறந்துபோகும். மாவுக்கட்டுக் கையை என் தோள்மேல் வைத்து, எட்டிப் பார்த்து, "ஆறரை... ஏழு... ஏறுது, ஏறுது" என்பார். வண்டி இரண்டு முறை விழுந்தது. இரண்டு முறையும் நானாகவே தூக்கி நிறுத்தினேன். அப்படியே ஓட்ட வந்துவிட்டது. மாடு மேய்க்க வந்தவர்கள் கரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். முதலில் சிரித்தார்கள். பிறகு வட்டம் பெரிதாக எடு, திரும்பும்போது காலை ஊன்றாதே என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த வகையில் எனக்குச் சொல்லித்தந்தது அவர்கள்தான்.

கட்டுப் பிரித்ததும் அவர் மறுபடியும் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தார். காலை ஷிஃப்டுக்கு வண்டியில் போவார். மற்ற ஷிஃப்டுகளுக்குக் கம்பெனி பஸ். அந்த நாட்களில் வண்டி வாசலில் நிற்கும். போகும்போது, "சும்மா வுட்டுறாத, ஒரு ரவுண்டு ஓட்டிடு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு நாள் மாமியாருக்கு முழங்கால் வலி. ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பஸ்ஸுக்குக் கிளம்பியவர், வண்டியைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ரவுண்டு ஓட்டணும்னானே, அந்தப் பக்கமா ஓட்டக் கூடாதா?"

பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நெடுஞ்சாலையில் ஏறும்வரை பேசவில்லை. ஏறியதும் பேச ஆரம்பித்தார். இந்த நிலம் யாருடையது, அதை எந்தக் கம்பெனிக்காரன் கேட்டு வந்தான், அந்த ஓட்டு வீட்டில் மருமகள் ஏன் கோபித்துக்கொண்டு போனாள் என்று வழியெல்லாம் சொன்னார். கல்யாணமானதிலிருந்து அந்த வண்டியில் நான் கேட்ட முதல் பேச்சு அதுதான். எனக்கு ஊர் தெரிந்ததே அன்றைக்குத்தான். முன்னால் ஒரு செங்கல் லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

"அத்தே, கெட்டியா புடிச்சிக்கோங்க" என்றேன்.

"புடிச்சிக்கினுதான் கீறேன். நீ முந்து" என்றார் மாமியார்.