கொஞ்சம் தப்பு சேர்த்துக் கொடு

போன வாரம் மரக்காணம் பக்கத்தில் ஒரு பி.எட். கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு - 'வகுப்பறையில் ஏஐ'.

"பாடக் குறிப்பு எழுத யாரெல்லாம் ஏஐகிட்ட கேட்கறீங்க?" என்று ஆரம்பித்தேன். நாளைய ஆசிரியர்கள் அத்தனை பேரும் முன்வரிசையில் இருந்த பேராசிரியரைப் பார்த்தார்கள். கை எழவில்லை. கொஞ்சம் பொறுத்து, பின்னாலிருந்து ஒரே ஒரு கை... மலர்விழி என்று பெயர் சொன்னாள்.

கூட்டம் முடிந்து ஈ.சி.ஆரில் பஸ்ஸுக்கு நின்றபோது அவளும் நின்றிருந்தாள்.

"உனக்கு மட்டும் எப்படிம்மா தைரியம்?"

"தைரியம்லாம் இல்ல சார். எனக்குத்தான் ஏற்கெனவே அந்தப் பேர் வந்துடுச்சே!"

டீச்சிங் பிராக்டிஸுக்கு அரசுப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார்கள். எட்டாம் வகுப்பு, ஆவியாதல் பாடம். மலர்விழியின் அம்மா உப்பளத்தில் கூலி வேலை பார்ப்பவர். அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அம்மாக்களும் அப்படித்தான். அதனால் பாடக் குறிப்பை ஒரு கேள்வியோடு தொடங்கியிருக்கிறாள் - 'வேலை முடிந்து வரும் அம்மாவின் காலில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அதிலிருந்த தண்ணீர் எங்கே போனது?'

என்ன அருமையான கேள்வி! அந்த முன்வரிசைப் பேராசிரியருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. வந்தது வினை.

"ஏம்மா, இது நீ எழுதினதா?"

"ஆமா சார்."

"இந்த மாதிரில்லாம் உனக்கு எப்படித் தோணும்?"

பக்கத்தைப் படம் பிடித்துத் தன் போனிலிருந்த ஏஐயிடமே கேட்டிருக்கிறார். ஏஐ எழுதியதாக இருக்கலாம் என்று அதுவும் சொல்லிவிட்டது!

"சார், எங்கம்மா நெஜமாவே உப்பளத்துக்குப் போறாங்க சார்..."

"அதையும் அதுதான் சொல்லிக் குடுத்துச்சா?"

வகுப்பே சிரித்ததாம். சிரித்தவர்களில் முக்கால்வாசிப் பேருடைய பாடக் குறிப்பு போனில் பிறந்ததுதான்.

"அழுதியா?"

"வீட்ல போய் அழுதேன் சார். எங்கம்மா ஏன்னு கேட்டாங்க. என்னன்னு சொல்றது? தலைவலின்னு சொல்லிட்டேன்."

திரும்ப எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் மலர்விழி முதன்முதலாக ஏஐயைத் திறந்திருக்கிறாள். 'சுமாராகப் படிக்கிற மாணவி எழுதியது மாதிரி ஒரு பாடக் குறிப்பு கொடு. கொஞ்சம் தப்பு சேர்த்துக் கொடு.'

கொடுத்தது. காப்பி செய்து எழுதிக்கொண்டு போனாள். அதில் அம்மாவும் இல்லை, உப்பும் இல்லை.

பேராசிரியர் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாராம். "பார்த்தியா? சொந்தமா எழுதினா எவ்ளோ இயல்பா இருக்குது!"

அவள் எதுவும் நடக்காத மாதிரி பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

"சரிம்மா... நாளைக்கு நீ டீச்சர். உன் கிளாஸ்ல ஒரு பொண்ணு பிரமாதமா ஒண்ணு எழுதிட்டு வந்து நிக்குது. என்ன பண்ணுவ?"

கட்டிப்பிடித்துக்கொள்வேன் என்பாள், தட்டிக்கொடுப்பேன் என்பாள் என்று காத்திருந்தேன்.

"மொதல்ல போன்ல போட்டுப் பார்ப்பேன் சார்."

பாடம் நடத்தக் கற்றுக்கொண்டாளோ இல்லையோ... சந்தேகப்படக் கற்றுக்கொடுத்துவிட்டோம்!