ஞாயிற்றுக்கிழமை கடல் தந்த எண்கள்

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. நான் தெற்கே நாசரேத் ஊரிலிருந்து வந்த, கணிதம் படித்த கிறிஸ்தவப் பெண். அங்கே இரும்பு பீரோ அளவில் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியிருந்தது. அதன் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கும் கடலில் இறக்கிய கருவிகளுக்கும் நடுவே பேச்சு நடக்க வழி செய்வது என் பொறுப்பு. அந்த வழிக்குத்தான் டிரைவர் என்று பெயர். வீட்டில் இதை விளக்கிச் சொன்னபோது, பேசாமல் பி.எட். படித்திருக்கலாமே என்று அம்மா வருத்தப்பட்டாள்.

கருவிகள் இரண்டும் படகுத்துறையின் ஒரே தூணில் கட்டப்பட்டிருந்தன. துறைமுக எஞ்சினியருடைய நீர்மட்டக் கருவி ஓயாமல் எண்களைக் கொட்டும். யாராவது கேட்கிறார்களா என்ற கவலையே அதற்குக் கிடையாது. மற்றது வெப்பமானி. கேட்டாலொழிய வாயைத் திறக்காது. அது எங்கள் கூடத்தில் முத்துச்சிப்பி ஆய்வு செய்த, நான் அக்கா என்று கூப்பிடும் பெண்ணுக்காக வந்தது. அக்கா கடற்கரைக்காரர், கத்தோலிக்கக் குடும்பம். சிப்பிக் கூடுகளை அதே தூணுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார். முந்தைய கோடையில் அவருடைய சிப்பிகள் கொத்துக் கொத்தாகச் செத்துப்போயின. தண்ணீர் எப்போது சூடேறுகிறது என்று தெரிந்திருந்தால் கூடுகளை ஆழத்துக்கு இறக்கியிருப்பார். இந்தக் கோடையில் அதைத் தெரிந்துகொள்ள அவருக்கு இருந்த ஒரே வழி அந்த வெப்பமானிதான்.

எஞ்சினியர் சாத்தான்குளத்துக்காரர். தன் நீர்மட்டக் கணக்குக்கு ஒரு குந்தகமும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் வெப்பமானியை உள்ளே விட்டார். நான் யோசித்தேன். பலசரக்குக் கடையில் நாம் அண்ணாச்சியிடம் கேட்கிறோம். சரக்கு எந்த மூட்டையிலிருந்து வருகிறது என்று உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. அதேபோல, மேலே ஓடும் புரோகிராம் எந்தக் கருவியானாலும் நான்கே கட்டளை போடட்டும்: திற, கேள், வாங்கு, மூடு. கருவிகளின் குணக்கேடெல்லாம் கீழே என் டிரைவரோடு நின்றுவிடட்டும். கூடவே, கருவி உண்மையிலேயே பேசியதா இல்லையா என்று ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு குறி. முதல் தடவை டெலிடைப் என்ற தட்டச்சு எந்திரம் தடதடவென்று இரண்டு எண்களையும் ஒரே வரியில் அடித்தபோது எனக்குப் புல்லரித்தது. வெளியே கிடக்கும் அத்தனை பெரிய கடல் என் நான்கு சொல்லுக்குப் பதில் சொல்லியிருந்தது.

அந்தச் சந்தோஷம் மறுநாள் விடியும்வரைதான். நீர்மட்டம் குதித்தது, வெப்பமும் கூடவே ஆடியது. பொழுது சாயும்போது மறுபடியும் அதே ஆட்டம். இதற்கு முன் இருந்த மந்தமான நீர்மட்டக் கருவியில் பேனா இழுத்த கோடு வழவழவென்று இருக்கும்.

"ரெண்டையும் ஒரே பாதையில விட்டா ஒண்ணோட ஒண்ணு கலக்கத்தான் செய்யும்," என்றார் எஞ்சினியர். "திங்கக்கிழம கப்பல் வருது. அதுக்குள்ள சரியாகலேன்னா வெப்பமானி வயரைக் கழத்திருவேன்." பிறகு கொஞ்சம் தணிந்தார். "நடுவுலயே சராசரி போட்டு அனுப்பும்மா. ஆட்டம் தெரியாது."

அப்படி மாற்றி எழுதுவது ஒரு மாலை வேலைதான். ஆனால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கருவி சொன்னதைக் கொண்டாந்து கொடுக்கத்தான் சார் டிரைவர். திருத்துறதுக்கு இல்ல," என்றேன்.

அக்கா என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். "ஏளா, அவரு கேட்டதப் போட்டுக் குடுத்தா உனக்கு என்ன குறஞ்சிரும்? என் சிப்பி செத்தா நீயா அழப்போற?"

"சராசரி போட்டா உச்சிச் சூடும் மழுங்கிப் போவும்க்கா. அதுதான உங்களுக்கு வேணும்?"

அவர் சிப்பிக் கூடுகளைப் பார்க்கப் படகுத்துறைக்கு இறங்கிப் போய்விட்டார். அது சனிக்கிழமை. கம்ப்யூட்டரை ஓடவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினேன். மறுநாள் கோயிலில் பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை. அக்காவின் சிப்பிகளை வைத்து நான் வீம்பு பிடிக்கிறேனோ என்று பயமாக இருந்தது.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது இன்னும் வெளுக்கவில்லை. எனக்கு முன்பே இருவரும் வந்திருந்தார்கள். எஞ்சினியரின் சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. டெலிடைப் கக்கிய தாள் தரையில் மலையாகக் கிடந்தது. உருவி உருவிப் பார்த்தேன். சனிக்கிழமை மாலைவரை அதே குதியாட்டம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஞாயிறு முழுக்க மட்டம் மெல்ல ஏறி, மெல்ல இறங்கியிருந்தது. வெப்பம் வெயிலோடு ஏறி, வெயிலோடு தணிந்திருந்தது.

"கருவி படுத்துட்டோ?" என்றார் எஞ்சினியர்.

குறிகளைக் காட்டினேன். இரண்டு கருவியும் ஒவ்வொரு தடவையும் பேசியிருந்தன.

"நேத்து யாராவது வந்து எதையாவது தொட்டீங்களா?" என்று எங்களிடம் கேட்டார்.

"நேத்து யாரு சார் வருவா? ஞாயித்துக்கிழமல்லா. எல்லாரும் பூசைக்கு..." என்று ஆரம்பித்த அக்கா பாதியில் நிறுத்தினார். அவர் பார்வை ஜன்னல் பக்கம் போயிற்று.

துறையில் விசைப்படகுகள் வரிசையாக நின்றன. பெரும்பாலும் கிறிஸ்தவர்களான இந்தக் கரை மீனவர்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குத் தொழிலுக்குப் போவதில்லை. மூவருக்கும் பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். அதனாலேயே ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் எஞ்சின் முழங்கியது. பின்னாலேயே இன்னொன்று. படகுகள் கயிறு அவிழ்ந்து தூணை உரசினாற்போல் கிளம்பின. டெலிடைப்பின் அடுத்த வரியில் மட்டம் குதித்தது. அதற்கடுத்த வரியில் வெப்பமும் ஆடியது. படகுகளுக்கு அடியில் சுழன்ற விசிறி குளிர்ந்த அடித்தண்ணீரையும் மேல்தண்ணீரையும் கலக்கிக்கொண்டிருந்தது.

ஒரு கரை முழுக்க வேலையை நிறுத்திவிட்டு முழங்காலில் நின்ற நாள் அந்தத் தாளில் அப்படியே பதிந்திருந்தது. நான் கேட்டது மட்டத்தையும் சூட்டையும் மட்டும்தான். கேட்காத இதையும் அந்த நான்கு சொற்கள் கொண்டுவந்து போட்டிருந்தன. அதற்குப் பிறகு எத்தனையோ கருவிகளுக்கு டிரைவர் எழுதிவிட்டேன், அப்படி மலைத்துப்போய் நின்றது அன்று மட்டும்தான்.

எஞ்சினியர் வெகுநேரம் தாளையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். "சராசரிய நான் மேல என் புரோகிராம்ல போட்டுக்கிடுதேன்," என்றார். பிறகு பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். அக்காவின் முகம் வெளிறியது.

அவர் அதை அக்காவிடம் நீட்டினார். "வெப்பமானி வயரு லொடலொடன்னு கெடக்கும்மா. நல்லா முறுக்கி வைங்க."

அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.