குஸ்கோவில் மாமா தொலைத்த கடை

எந்த ஊருக்குப் போனாலும் மாமா சோற்றைக் கண்டுபிடித்துவிடுவார் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். நோர்வேயின் மேற்குக் கரையில் இருக்கிற பேர்கனுக்கு ஊர் பார்க்கப் போனோம். மழையில் நனைந்து முடியுமுன்னே யாரோ ஒருவருடைய மச்சான் வீட்டில் புட்டும் கணவாய்க் கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ரோமில் தேவாலயம் பார்க்க வரிசையில் நின்றபோது, முன்னால் நின்றவரின் பிடரியைப் பார்த்தே “எங்கட ஆள்” என்று கண்டுகொண்டு, மத்தியானத்துக்கு இடியப்பம் ஒழுங்கு செய்தவர் அவர். அம்மாவுக்கு அண்ணன். ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவர்.

அப்பேர்ப்பட்ட மாமாவைச் சீண்டுவதற்கென்றே எங்கள் வீட்டில் ஒரு கதை இருக்கிறது. நாலு பேர் கூடினால் அது வெளியே வரும். குஸ்கோவில் மாமா சோற்றுக்கடையைத் தொலைத்த கதை.

குஸ்கோ, பெரு நாட்டில் அந்தீஸ் மலைமேல் இருக்கிற பழைய நகரம். அரசர்கள் ஆண்ட இடம், கல்லோடு கல் ஒட்டினாற்போல் கட்டிய சுவர்கள் என்று ஆயிரம் பெருமை அதற்கு உண்டு. நாங்கள் அதற்கெல்லாம் போகவில்லை. சித்தியைச் சாப்பிட வைக்கப் போனோம்.

சித்தி அம்மாவின் தங்கை. நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம், கொட்டும் பனியில் இரண்டு சூட்கேசுகளோடு ஒஸ்லோவிலேயே ட்வெய்ட்டா பகுதியிலிருந்து ரொம்மனில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து, என் அறையில் பாதியைப் பிடித்துக்கொண்டார். சித்தப்பா வரவில்லை. ஏன் என்று கேட்டேன். “சித்திக்கு வயித்துக்கை சரியில்லை, நீ போய்ப் படி” என்றார் அம்மா. கேட்டதற்கும் சொன்னதற்கும் என்ன தொடர்பு என்று நான் யோசிக்கவில்லை. சித்தி உண்மையிலேயே சாப்பிடாமல்தான் இருந்தார்.

கோயில் மடமோ பிறந்தநாள் மண்டபமோ, சித்தி தட்டோடு உட்கார்ந்தால் போதும், பக்கத்துக் கதிரைக்கு ஒரு அன்ரி வந்து சேர்ந்துவிடுவார். “என்ன பிள்ளை, தனியவோ வந்தனீர்? அவர் எங்கை?” கேட்கிற குரலில் தேன் ஒழுகும். சித்தி சிரித்துக்கொண்டு ஏதோ சொல்லுவார். பிறகு தட்டு அப்படியே குப்பைக்குப் போகும். குப்பைக்குப் போகுமுன் அதிலிருந்த வடையை எடுத்துக்கொள்வது என் பொறுப்பாக இருந்தது.

வீட்டிலும் அதே கதைதான். “இறங்குதில்லை அக்கா” என்பார். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. டொக்டர் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, வயிற்றில் ஒன்றுமேயில்லை என்றார். அம்மா குசினியில் வெங்காயம் இல்லாமலே அழுதுகொண்டு நின்றார்.

அம்மாவோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்த ஒரு பெரு நாட்டுக்காரிதான் வழி சொன்னவர். என் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போ, அங்கே என் தங்கை வீட்டு மாடியில் தங்கலாம் என்றாராம். எங்கே சாப்பிடுவது என்பதற்கும் திட்டமான உத்தரவுகள் இருந்தன. பெரிய சதுக்கத்தைச் சுற்றி, படம் போட்ட பலகையை வாசலில் வைத்திருக்கும் கடைகளுக்குள் காலடி வைக்கக்கூடாது. நேரே சந்தைக்குள் போக வேண்டும். பள்ளிக்கூடச் சீருடையும் போலீஸ் சீருடையும் எந்தச் சாப்பாட்டுக்கடையின் நீள வாங்கில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றனவோ, அதில் இடம்பிடிக்க வேண்டும். மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிடலாம், இரவில் கொஞ்சமாக. அந்த உயரத்தில் வயிறு மெதுவாகத்தான் வேலை செய்யும்.

அப்பாவுக்கு லீவு இல்லை. மாமா துணைக்கு வந்தார். அவர் தன் பெட்டியில் ஒளித்து வைத்திருந்த மிளகாய்த்தூள் போத்தலை அம்மா வாசலிலேயே பறித்துவிட்டார். “அந்த மணத்துக்கே அவள் முகம் திருப்பிறாள். ரெண்டு கிழமைக்கு எங்கட சாப்பாட்டுக் கதையே வேண்டாம்” என்றார். மாமா தகப்பனைப் பறிகொடுத்தவர்போல் விமானம் ஏறினார்.

ஒஸ்லோவில் கோடை, அங்கே குளிர். முதல் நாள் எல்லோருக்கும் தலையிடி, அந்த ஊர்க் கொக்கா இலை போட்ட தேநீரைக் குடித்துவிட்டுப் படுத்துக் கிடந்தோம். அடுத்த நாள் மத்தியானம் சந்தைக்குப் போனோம். பெருக்காரி சொன்னபடியே ஒரு வாங்கில் சீருடைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. இரட்டைப் பின்னலும் உயரத் தொப்பியுமாக ஒரு பெண் பெரிய பானையிலிருந்து கோழிச் சூப்பை அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளே முழு உருளைக்கிழங்கும் முட்டையும் கிடந்தன.

சித்தி வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் ஒரு போலீஸ்காரர், அந்தப் பக்கம் கீரைக்கட்டை மடியில் வைத்திருந்த ஒருத்தி. இருவரும் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார்கள். அதன்பிறகு தங்கள் கோப்பையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

சித்தி ஒரு கரண்டி குடித்தார். பிறகு இன்னொன்று. நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். எதிரே மாமா, “இவங்களுக்கு உறைப்பெண்டா என்னெண்டு தெரியும்?” என்று சொல்லி, மேசையிலிருந்த பச்சைச் சம்பலைக் கரண்டி நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டார். அடுத்த நிமிஷம் அவர் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. போலீஸ்காரர் தன் பாணில் பாதியைப் பிய்த்து அவருக்குக் கொடுத்தார். சித்தி கோப்பையைச் சரித்து அடிமண்டி வரைக்கும் குடித்து முடித்திருந்தார்.

அடுத்த வரிசையில் பழச்சாறு விற்றார்கள். குடித்து முடித்ததும், அடித்த பாத்திரத்தில் மிச்சமிருப்பதையும் கேட்காமலே உங்கள் கிளாசில் ஊற்றிவிடுவார்கள். அது அந்த ஊர் வழக்கம். சித்தி அதையும் குடித்தார். அன்று மாலை அம்மா அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து, “சாப்பிட்டவள்” என்றார். பிறகு தொலைபேசியை என் கையில் தந்துவிட்டார்.

பிறகு வந்த நாட்கள் நன்றாகவே போயின. பல்லுப் பல்லாகப் பெருத்த சோளத்தை அவித்துச் சீஸ் துண்டோடு தந்தார்கள். ஆற்று மீன் பொரித்தார்கள். சித்தி எல்லாவற்றையும் சாப்பிட்டார். மாமா சந்தையில் ஒரு சிவப்புக் கம்பளிச் சட்டை வாங்கி, நெஞ்சில் இரண்டு லாமாக்கள் மேய, ஊரைச் சுற்றினார். அந்தச் சட்டையைப் போட்ட அன்றுதான் வாங்கில் வைத்து அறிவித்தார்: மாதா கோயிலுக்குப் பின்னால் ஏறிப் போகிற ஒழுங்கையில், பிரான்சிலிருந்து வந்த ஒரு யாழ்ப்பாணத்தவர் சோற்றுக்கடை வைத்திருக்கிறாராம்.

“நாளைக்கு மத்தியானம் சோறு” என்றார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

“ஆர் ஆக்களாம்?” என்று சித்தி கேட்டார்.

“அது போய்க் கதைச்சாத் தெரியும்தானே.”

சித்தி கரண்டியை வைத்தார். கோப்பையில் பாதிக்குமேல் கிடந்தது. அம்மா மாமாவைப் பார்த்தார். மாமா கோப்பையைப் பார்த்தார். அன்று இரவு சித்தி தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் படுத்தார். வயிற்று வருத்தம் திரும்பி வந்துவிட்டது என்று எனக்கு அழுகையே வந்தது.

மறுநாள் காலை மாமா, “காலாற நடந்திட்டு வாறன்” என்று தனியாகப் போனார். வெயில் ஏறிய பிறகு வந்து எங்களைப் புறப்படச் சொன்னார். சித்தி செருப்பை மாட்டிக்கொண்டார். ஒழுங்கை செங்குத்தாக ஏறியது. நான் பாதியில் உட்கார்ந்துவிட, மாமா என்னை முதுகில் தூக்கிக்கொண்டார். என் மூக்கு அந்தக் கம்பளிக்குள் புதைந்தது.

அந்த மணம் எனக்கு நன்றாகத் தெரியும். வறுத்த தூளும் பொரித்த வெங்காயமும். பள்ளிக்கூடத்தில் என் குளிர்ச்சட்டையைக் கொளுவும்போது யாராவது மணந்து பார்த்துவிடுவார்களோ என்று நான் பயப்படுகிற மணம்.

“மாமா, உங்களிலை கறி மணக்குது” என்றேன்.

“கதைக்காதை பிள்ளை, மூச்சு வாங்கும்” என்றார். மூச்சு வாங்கியது அவருக்குத்தான்.

கோயிலடியில் இடப்பக்கம் திரும்பினார். இன்னும் இரண்டு தரம் திரும்பினார். கடைசியில் நூலும் பொத்தானும் விற்கிற ஒரு கடைக்கு முன்னால் போய் நின்றார். “இஞ்சைதான் எண்டு சொன்னவங்கள்” என்றார். என்னை இறக்கிவிட்டு உள்ளே போய்க் கையால் சோறு பிசைந்து காட்டினார். கடைக்காரி யோசித்துவிட்டு, பெரிய பொத்தான்கள் இருந்த பெட்டியை எடுத்து நீட்டினார். மாமா தலையில் கைவைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“ரோமிலை பிடரியைப் பாத்து இடியப்பம் எடுத்த ஆள்!” என்றார் அம்மா.

முதலில் சித்தியின் தோள்தான் குலுங்கியது. பிறகு கடைப்படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எழுந்து கண்ணைத் துடைத்துவிட்டு, “விடுங்கோ அண்ணை. எனக்குப் பசிக்குது, வாங்கோ” என்றார்.

பசிக்குது என்று சித்தி சொல்லி எத்தனையோ மாதம். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் விரல் நொந்தது. இறக்கத்தில் ஓட்டமும் நடையுமாகச் சந்தைக்கு வந்தோம். சித்தி இரண்டு கோப்பை குடித்தார். மாமா மட்டும் அன்று சூப் வேண்டாம் என்றுவிட்டார். வயிறு பாரமாக இருக்கிறதாம்.

ஒஸ்லோவுக்குத் திரும்பி வந்து, இலையுதிர்காலத்தில் ஒரு நாள் கோயில் மடத்தில் சித்தி தட்டோடு உட்கார்ந்தார். அன்ரி வந்தார். அவர் எங்கை என்று கேட்டார். “பிரிஞ்சிட்டம் அன்ரி. அந்த வடைத் தட்டை இஞ்சாலை தாங்கோ” என்றார் சித்தி. அன்று எனக்கு அவருடைய வடை கிடைக்கவில்லை.

பல வருஷம் கழித்து, படிப்புக்காக வேறொரு நகரத்துக்குப் போனேன். போன கிழமையே ஒரு தமிழ்க் கடையைக் கண்டு ஆசையாக நுழைந்தேன். கடைக்காரர் சோற்றில் கரண்டியை வைத்தபடி, “ஒஸ்லோவோ? ஆரின்ரை மகள்?” என்றார். சொன்னேன். “அப்ப அந்தப் பிரிஞ்ச பிள்ளை உமக்குச் சித்தியோ?” என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுப்பிலிருந்து தூள் மணம் வந்தது. அந்தச் சிவப்புக் கம்பளிச் சட்டை நினைவுக்கு வந்தது.

மாமாவிடம் நான் கேட்டதில்லை. வீட்டில் அந்தக் கதை வரும்போதெல்லாம் அவர் இன்னும் தலையில் கைவைத்துக் காட்டுகிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள், சித்திதான் எல்லோரிலும் உரக்கச் சிரிப்பார். அந்தக் காலையில் மாமா கடையைக் கண்டுபிடித்திருக்கிறார். உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். கடைக்காரர் என்ன கேட்டாரோ, அதைக் கேட்டும் இருக்கிறார். பிறகு வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போய், கோயிலடியில் மற்றப் பக்கம் திரும்பியிருக்கிறார்.

அன்று அவர் முதுகில் தொங்கிக்கொண்டு, அந்த மணத்தை இழுத்து இழுத்து மூச்சுவிட்டபடி, நான் நினைத்தது ஒன்றே ஒன்றுதான்: தனியாகப் போய்ச் சோறு சாப்பிட்டுவிட்டு எங்களுக்கு ஒரு பிடிகூடத் தராமல் வந்திருக்கிறாரே, இவரெல்லாம் ஒரு மாமாவா?