அடுத்து மட்டை பிடிக்க வேண்டியவன்

எட்டு வருடம் சிற்றூர் பேஸ்பால் அணிகளில் இரண்டாம் தளத்தைக் காத்த லெஸ்டர் ஹூக்ஸ்ட்ராவை, போன வாரம்தான் பெரிய லீக் அணி, காலில் அடிபட்ட மெர்லுக்குப் பதிலாக அழைத்திருந்தது. அங்கே இன்னும் ஒருமுறைகூட அவன் மட்டை பிடிக்கவில்லை.

"நாளைக்கு மெர்ல் கால் சரியாகி வந்துடறான்பா. நீ உன் பழைய டோலிடோ அணிக்கே கிளம்பிடு" என்று மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

அன்று கடைசிச் சுற்றில் இரு அணிகளும் சமமாக நின்றன. மட்டை பிடிக்கப் போனவன் கார்வின், அடுத்தது லெஸ்டர். கார்வின் ஆட்டமிழந்தாலும் ஆட்டம் நீளும், லெஸ்டரின் முறை வரும்; கார்வின் ஓர் ஓட்டம் எடுத்துவிட்டால் மட்டும் ஆட்டம் அத்தோடு முடிந்துவிடும்.

"என்ன ஹூக்கி, நானே முடிச்சுடவா?" என்று கார்வின் லெஸ்டரைச் சீண்டினான்.

"முடிச்சுத் தொலைக்காதடா!" லெஸ்டர் சிரித்தான்.

கார்வின் அடித்த பந்து வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. அரங்கமே எழுந்து கூவியது. ஆட்டம் முடிந்தது. ஜெயித்தது லெஸ்டருடைய அணி; வருத்தப்படக்கூட அவனுக்கு வழியில்லை. தளங்களைச் சுற்றி ஓடி வருகிறவனுக்கு முதலில் கைகொடுக்க வேண்டியவன் அடுத்த ஆட்டக்காரன்தான். லெஸ்டர் மட்டையைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கையை நீட்டினான்.

"டேய் ஹூக்கி, வலிக்குது," என்றான் கார்வின். "கைய விடுடா."