காட்பாடியில் இறங்கி வேலூர்க் கோட்டைக்கு ஒரு ஜட்கா!

காட்பாடி ஸ்டேஷனில் இன்று காலை...

ரயில் நிற்பதற்குள் குதித்துவிட்டேன். (என் உடம்பைப் பார்த்தவர்கள் சிரிக்கக் கூடாது!)

பின்னாலேயே என் தங்கை சரோஜா. கையில் பேனா, மைக்கூடு, ஹால் டிக்கெட்.

பத்து மணிக்கு வேலூர்க் கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பரீட்சை. டீச்சர் டிரெயினிங்கில் சேர்வதற்கு. பத்து அடித்தால் கேட்டை மூடிவிடுவார்கள்.

ஆம்பூரில் நேரத்துக்குத்தான் ஏறினோம். குடியாத்தத்தில் ஒரு கூட்ஸுக்கு வழிவிட்டு நின்ற ரயில், நின்றது நின்றதுதான்! காட்பாடி வந்து சேர்ந்தபோது மணி ஒன்பது இருபத்தைந்து. வேலூர் பஸ் அப்போதே போய்விட்டது.

அப்பா இந்த ஒரு தடவைக்குத்தான் சம்மதித்திருக்கிறார். "இது நடக்கலேன்னா தை மாசம் கல்யாணம். அப்புறம் படிப்பு கிடிப்புன்னு யாரும் பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டார். எனக்குத் தனியாக ஒரு உத்தரவு: "அவள ஒரு நிமிசம் தனியா வுடாதே!"

ஸ்டேஷன் வாசலில் ஆறு ஜட்கா வரிசையாக நின்றன.

முதல் வண்டி காதர் பாயுடையது. வெள்ளைத் தாடி, தலையில் குல்லா, அறுபது வயதுக்கு மேல் இருக்கும். குதிரைக்கும் கிட்டத்தட்ட அதே வயது போலத் தெரிந்தது! நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாவது வண்டி முனுசாமியுடையது. அந்தக் குதிரை ஒரு இடத்தில் நிற்கவே இல்லை.

நான் நேராகப் போய் முனுசாமி வண்டியில் காலை வைத்தேன். பாயைத் தவிர மற்ற ஐந்து பேரும் கத்தினார்கள்.

"எறங்கு சார்! மொறை பாயோடது!"

"அர்ஜெண்ட்பா!"

"எல்லாரும் அர்ஜெண்ட்டுன்னுதான் சொல்றாங்க. பாய் விடியக்காலத்துலேருந்து நிக்கிறாரு. இன்னிக்கு மொறை மாறினா நாளைக்கு இன்னா ஆவும்?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. தோல் மண்டி குமாஸ்தாவான எனக்குக் கத்துவதற்குச் சொல்லித்தர வேண்டுமா! தொண்டை கிழியக் கத்தினேன். ஒருவரும் அசையவில்லை.

சரோஜா காதர் பாயிடம் போனாள்.

"எனக்குப் பத்து மணிக்குப் பரீட்சைங்க. இது போச்சுன்னா இனிமே என்னைப் படிக்க வுட மாட்டாங்க."

ஹால் டிக்கெட்டை நீட்டிக் காட்டினாள்.

பாய் அவளைப் பார்த்தார். தன் குதிரையைப் பார்த்தார்.

"என் குதிரைய நம்பிப் போனா பதினொண்ணு ஆய்டும் பாப்பா."

முனுசாமி கீழே குதித்தான். "மொறை மனுசனுக்குத்தானே பாய்? குதிரைக்கு இன்னா மொறை? என் குதிரைய அவுத்து உன் வண்டில கட்டு!"

அவ்வளவுதான்! நாலு பேர் சேர்ந்து இரண்டு குதிரைகளையும் அவிழ்த்து மாற்றிக் கட்டினார்கள். சற்று முன் திட்டிய என் வாயை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சரோஜா ஏறினாள். நான் ஏறினேன். வண்டியின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது.

"கோச்சிக்காதே சார்," என்றார் பாய். "உன் கனத்தோட குதிரை ஓடாது. பாப்பா மட்டும்னா நான் கொண்டுபோய் வுட்டுட்றேன்."

பதினேழு வயதுப் பெண். முன்பின் தெரியாத வண்டிக்காரர். பாலாற்றைத் தாண்டி அவ்வளவு தூரம்.

"அண்ணா, எறங்கு."

"பயமா இல்லியாடி?"

"உனக்குத்தான் பயம். எறங்குண்ணா, மணி ஆவுது!"

இறங்கிவிட்டேன். வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு போனது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பாயின் குதிரை கட்டியிருந்த முனுசாமி வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டார்கள். அது மரத்துக்கு மரம் நின்றது. "பாய் பேச்ச மட்டும்தான் சார் கேக்கும்" என்றான் முனுசாமி. பாலாறு வந்ததும் இரண்டு பேரும் இறங்கி, குதிரையோடு நடந்தோம். (நாங்கள் அதற்குத் துணை!)

பள்ளிக்கூடத்துக்குப் போனபோது பதினொன்று அடித்துவிட்டது. கேட் மூடியிருந்தது. எதிரே புங்க மரத்தடியில் காதர் பாய் உட்கார்ந்திருந்தார்.

"பாப்பா உள்ள போய்டுச்சு சார்! மணி அடிக்கறதுக்கு முன்னாடியே!"

அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன்.

"இரு சார். ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றார்.

"இன்னா பாய்?"

"வீட்டுப் பெரியவங்க கையெழுத்து இல்லாம உள்ள வுட மாட்டேன்னுட்டாரு கேட்டுல இருந்த கிளார்க்கு. பாப்பா என்னைக் கைகாட்டி, எங்க பெரியப்பான்னுது. அவரு என் தாடியப் பார்த்தாரு, பாப்பா நெத்திப் பொட்டப் பார்த்தாரு, கடியாரத்தப் பார்த்தாரு. சரி, ரேகை வைன்னாரு. வெச்சிட்டேன்."

"அதுல இன்னா தப்பு?"

"ரிசல்ட்டு அனுப்ப அட்ரஸ் கேட்டாரு. எனக்கு வேற இன்னா தெரியும்? காட்பாடி டேசன், ஜட்கா ஸ்டாண்டுன்னு சொல்லிட்டேன். அங்க ஒருத்தனுக்கும் எழுத்து தெரியாது சார். தபால் வந்தா பாப்பாதான் வந்து எங்களுக்குப் படிச்சிக் காட்டணும். அனுப்புவியா?"

"அனுப்புறேன் பாய்" என்றேன். அனுப்பாமல் இருப்பேனா?

சரோஜா இன்னும் உள்ளே எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் அதே மரத்தடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

காட்பாடியில் ஆறு பேர் அவள் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கப்போகிறார்கள். எங்கள் அப்பாவுக்குத் திடீரென்று ஒரு அண்ணன் கிடைத்திருக்கிறார்.

இதை வீட்டில் எப்படிச் சொல்வது? யாராவது ஒரு யோசனை சொல்லுங்களேன்!